நெடுஞ்சாலை விபத்துக்குப் பின் எந்தக் கதவைத் திறப்பது?

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நான்கு வழிச்சாலையில், பொழுது மங்கும் நேரத்தில், முன்னே சென்ற வேன் திடீரென வேகத்தைக் குறைக்க, உங்கள் கார் அதன் பின்புறத்தில் இடித்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் பெரிய அடி இல்லை. நெஞ்சு மட்டும் படபடக்கிறது. அந்த நொடியில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், ஓட்டுநர் பக்கக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு சாலையில் இறங்கி, பானெட் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கப் போவதுதான். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன, ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். ஆகவே அவருடைய கதவு திறப்பது, பின்னால் வருகிற லாரியும் பேருந்தும் நம்மைத் தாண்டிப் போகும் தடத்துக்குள்தான். இடித்து நின்ற காருக்குள் தப்பித்தவர், அதிலிருந்து இறங்கி நான்கு அடி எடுத்துவைப்பதற்குள் அடிபடுவது இப்படித்தான் நேர்கிறது.

இந்தக் கட்டுரை அந்த நான்கு அடிகளைப் பற்றியது. காயத்துக்குக் கட்டுப்போடுவது, காப்பீட்டுத் தொகையைப் பெறுவது ஆகியவற்றுக்குத் தனியே வழிகாட்டிகள் உண்டு. இங்கே, ஓடும் வாகனங்களுக்கு அருகே நின்றுவிட்ட வண்டியிலிருந்து உயிரோடும் முழு உடலோடும் சாலைக்கு வெளியே போய்ச் சேருவது எப்படி என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் வருவது 22 மீட்டரும் கடக்கின்றன. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், தடையைக் கண்டு, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோய், வண்டியை முழுமையாக நிறுத்த, உலர்ந்த சாலையிலேயே 90 முதல் 100 மீட்டர் வரை தேவைப்படும். பாரம் ஏற்றிய லாரிக்கு அது போதாது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் யாருக்குமே போதாது. இரவில் தாழ்வொளியில் வரும் ஓட்டுநருக்கு உங்கள் வண்டி தெளிவாகத் தெரியத் தொடங்கும் தூரம் இதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். அவர் கவனமானவர், நல்லவர் என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் அவரால் நிறுத்த முடியாமல் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் நாம் ஒவ்வோர் அசைவையும் தீர்மானிக்க வேண்டும்.

வண்டி நகருமா என்று பாருங்கள்

இறங்குவதைப் பற்றி யோசிக்கும் முன், இறங்கவேண்டிய இடம் இதுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்து, ஸ்டீயரிங் திரும்பி, சக்கரம் உருண்டு, காயம்பட்டவர் யாரும் வண்டிக்கு அடியிலோ முன்னாலோ இல்லை என்பது உறுதியானால், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக இடப்புறம் ஒதுங்கி, தார் போட்ட ஓரத்தையும் தாண்டி மண் பகுதிக்கோ, அடுத்த சர்வீஸ் ரோட்டுக்கோ வண்டியைக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் சிறந்தது. நாலு இண்டிகேட்டரும் ஒன்றாகக் கண்சிமிட்டும் அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை, நகரத் தொடங்கும் முன்பே அழுத்திவிடுங்கள்.

வண்டியை அசைத்தால் வழக்கு நமக்கு எதிராகப் போய்விடும் என்ற அச்சத்தில், சிறு உரசலுக்குக்கூட இரண்டு கார்களையும் நடுத்தடத்திலேயே நிறுத்திவைத்து, ‘போலீஸ் வரட்டும்’ என்று பிடிவாதமாக நிற்பவர்களை எல்லாச் சாலைகளிலும் பார்க்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடி வழியாக இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொண்டால், வண்டிகள் நின்ற நிலைக்குச் சான்று கிடைத்துவிடும். உயிரிழப்போ கடுமையான காயமோ நேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது வண்டிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மனிதர்கள் மட்டும் விலகுவது முறை. ஒன்றும் நகராது என்று தெரிந்தால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அபாய விளக்கை எரியவிட்டுவிட்டு அடுத்த முடிவுக்கு வாருங்கள்.

இறங்குவதா, உள்ளேயே இருப்பதா?

பொதுவான விடை, சாலையோரம் நின்ற வண்டியிலிருந்து இறங்கி விலகிவிட வேண்டும் என்பதே. காருக்குள் இருப்பது பாதுகாப்பு என்ற உணர்வு இயல்பானது. மழை பெய்யும்போதும் குழந்தை தூங்கும்போதும் அந்த உணர்வு இன்னும் வலுக்கும். ஆனால் ஓரத்தில் நிற்கும் காரின் பின்புறத்தில் கண்ணயர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் மோதினால், சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் எவ்வளவு காப்பாற்றும் என்பதை நம்பியிருக்கலாகாது. விடியலுக்கு முந்தைய மூன்று மணி நேரம் இதில் மிக மோசமானது; அந்த வேளையில் சாலையில் வருபவர்களில் பலர் இரவெல்லாம் ஓட்டியவர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வண்டி ஓடும் தடத்தின் நடுவில் நின்றுவிட்டது, இரு பக்கமும் வாகனங்கள் இடைவிடாமல் சீறிப் பாய்கின்றன, கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை என்றால், பெல்ட்டை அவிழ்க்காமல், தலையை இருக்கையின் தலையணையோடு ஒட்டிவைத்து, அபாய விளக்கை எரியவிட்டபடி, உள்ளிருந்தே 112 என்ற எண்ணை அழைப்பதே மேல். பிரிட்டனிலும் நம்மைப் போலவே இடப்புறம்தான் ஓட்டுகிறார்கள். அங்கும் அதிவேகச் சாலையில் சிக்கியவர்களுக்குச் சொல்லப்படுவது இதுவே: இயலுமானால் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்குப் பின்னால் போங்கள், இயலாவிட்டால் பெல்ட்டோடு உள்ளே இருந்து அழையுங்கள். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, இறங்குவதா வேண்டாமா என்று பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு தயங்கி உட்கார்ந்திருப்பது எல்லாவற்றிலும் கெட்டது. இருப்பதானால் பெல்ட்டோடு இருங்கள். போவதானால் முழுமையாகப் போய்விடுங்கள்.

தீப்பற்றினால் இந்த யோசனைக்கெல்லாம் இடமில்லை, உடனே வெளியேற வேண்டும். ஆனால் ஏர்பேக் வெடித்துத் திறந்தவுடன் காருக்குள் வெண்புகைபோல் ஒன்று பரவும், கருகிய வாடையும் வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அது பையை ஊதிய வாயுவின் எச்சமும், பை மடிப்புக்காகத் தூவப்பட்ட தூளும்தான். அதைத் தீ என்று எண்ணி வலப்பக்கக் கதவைத் திறந்து ஓடியவர்கள் உண்டு. புகை பானெட்டின் இடுக்கிலிருந்து தொடர்ந்து கிளம்புகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று ஒரு நொடி பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

மின்கம்பத்தில் இடித்து, அறுந்த கம்பி காரின்மேல் கிடந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று மின்வாரிய ஊழியர் சொல்லும்வரை இறங்கக் கூடாது. காருக்குள் இருக்கும்வரை ஆபத்து குறைவு. ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலுமாக இருக்கும் கணத்தில்தான் மின்சாரம் உடல் வழியாகப் பாயும். தீ காரணமாக வெளியேறியே ஆகவேண்டுமென்றால், காரைத் தொடாமல் இரு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குதித்து, பாதங்கள் பிரியாதபடி தரையோடு தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

இடப்பக்கம் நகர்ந்து இறங்குதல்

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். சாலையின் இடது ஓரத்தில் நிற்கும் காரிலிருந்து அனைவரும் இடப்பக்கக் கதவுகள் வழியாகவே இறங்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடப்பக்கம் போக, கியர் தண்டையும் ஹேண்ட் பிரேக்கையும் நடுவிலுள்ள பெட்டியையும் தாண்டவேண்டும். வேட்டியோ சேலையோ கட்டியிருப்பவருக்கும், மூட்டுவலி உள்ளவருக்கும் அது சங்கடமான வேலை. முதலில் இருக்கையை முழுதும் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தையும் பின்னால் சரித்துவிட்டால் இடம் கிடைக்கும். பிறகு இடுப்பை முதலில் இடப்பக்க இருக்கைக்கு நகர்த்தி, கால்களை ஒவ்வொன்றாகக் கடைசியில் இழுத்துக்கொள்ளுங்கள். காலை முதலில் தூக்கிப்போட முயல்பவர்தான் கியர் தண்டில் மாட்டிக்கொள்கிறார். நம்ப முடியாவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நிற்கும் காரில் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டார் சிரித்தாலும் பரவாயில்லை, முதல்முறை எங்கே சிக்குகிறோம் என்று அங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

முன் இருக்கையில் இருப்பவர் முதலில் இறங்கவேண்டும். அவர் இறங்கும் முன்பும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவேண்டும், ஏனெனில் நம் சாலைகளில் ஓரத்தில் எதிர்த்திசையிலும் இருசக்கர வாகனங்கள் வரும். கதவைத் தூரத்துக் கையால் திறப்பது ஒரு நல்ல பழக்கம்: இடப்பக்கம் இருப்பவர் வலக்கையாலும், வலப்பக்கம் இருப்பவர் இடக்கையாலும் திறந்தால், உடம்பு தானாகவே திரும்பிப் பார்வை பின்னால் போகும். காலை வைக்குமுன் தரையையும் பாருங்கள். நெடுஞ்சாலைகள் பல இடங்களில் சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமான மண் கரையின்மேல் போடப்பட்டவை. தார் முடிந்த இடத்தில் சட்டென்று சரிவு, திறந்த வடிகால், முள்செடி, சில இடங்களில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு என எதுவும் இருக்கலாம்.

பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால், குழந்தைப் பூட்டு போட்ட கதவு உள்ளிருந்து திறக்காது என்பதை நினைவில் வையுங்கள். இறங்கிய முதல் ஆள் வெளியிலிருந்து பின் இடக்கதவைத் திறந்து, அங்கேயே நின்றுகொள்ள, உள்ளிருப்பவர் குழந்தைகளை ஒவ்வொருவராக அவர் கையில் ஒப்படைக்கவேண்டும். விரலையோ உள்ளங்கையையோ பிடித்தால் பயந்த குழந்தை உதறிவிட்டு ஓடிவிடும், மணிக்கட்டைப் பிடியுங்கள். முதியவர் இருந்தால், குழந்தைகள் ஒருவர் பொறுப்பில் சாலைக்கு வெளியே நிற்கத் தொடங்கிய பிறகு அவரை நிதானமாக இறக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வரும் வழக்கம் நம்மிடம் உண்டு, ஆகவே உடைந்த கண்ணாடித் துண்டுகளில் வெறுங்காலை வைக்கும் முன் காலணியைத் தேடிப் போட்டுக்கொள்ள ஐந்து நொடி செலவழிப்பது வீணல்ல. பணப்பை, மடிக்கணினி, மேலே வைத்த ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். கைப்பேசி மட்டும் போதும்.

இடப்பக்கக் கதவுகள் நசுங்கித் திறக்காவிட்டால், இடப்பக்க ஜன்னல் கண்ணாடியை இறக்கி அதன் வழியே வெளியேற முடியுமா என்று பாருங்கள். மின்சார ஜன்னல்கள் பேட்டரி செயலிழக்கும் முன் இறங்கிவிடவேண்டும் என்பதால் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. உடைக்கவேண்டி வந்தால், பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான உலோகத்தால் அடியுங்கள். முன்கண்ணாடி இரு கண்ணாடிகளுக்கு இடையே பசைத்தாள் வைத்து ஒட்டப்பட்டது என்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது. எதுவும் முடியாமல் வலப்பக்கமே இறங்க நேர்ந்தால், பக்கக் கண்ணாடியிலும் தலையைத் திருப்பியும் பார்த்து, பின்னால் நீண்ட இடைவெளி கிடைக்கும்வரை காத்திருந்து, கதவை உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, இறங்கியதும் மூடிவிட்டு, காரை ஒட்டியபடியே வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தவாறு பின்பக்கம் நடந்து, காரின் பின்முனையைச் சுற்றி நேரே சாலைக்கு வெளியே போய்விடுங்கள். முன்பக்கமாகச் சுற்றினால் பின்னால் வருவது தெரியாது. காருக்குப் பின்னால் ஒரு கணம்கூட நிற்கலாகாது.

வண்டி கவிழ்ந்து தலைகீழாகக் கிடந்தால் பெல்ட்டை அவசரமாக அவிழ்த்துவிடாதீர்கள். கழுத்தின்மேல் முழு உடம்பும் விழும். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களால் உடலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவிழ்த்து, மெல்ல இறங்கி, சாலைக்கு எதிர்ப்புறமுள்ள ஜன்னலைத் தேடுங்கள். தலைகீழாகக் கிடக்கும்போது இடமும் வலமும் மாறிப்போகும் என்பதால், வாகனச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கவனிப்பதே நம்பகமான வழி.

கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால்களில் மரத்துப்போன உணர்வு இருப்பவரை இழுத்து இறக்கக் கூடாது என்பதே பொது விதி. ஓரத்தில் பாதுகாப்பாக நிற்கும் வண்டியென்றால், அவரை அசைக்காமல் விட்டு 108 ஆம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். தீயோ, தவிர்க்க முடியாத மறுமோதலோ மட்டுமே அந்த விதியை மீறத் தகுந்த காரணம்.

சென்டர் மீடியனை ஒட்டி நின்றுவிட்டால்

வலது தடத்தில் வேகமாகச் சென்று, சறுக்கி, சாலை நடுவேயுள்ள மையத் தடுப்பில் மோதி நிற்கும் கார்களே நம் நான்கு வழிச்சாலைகளில் அதிகம் கண்ணில் படுகின்றன. இங்கே மேற்சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. இடப்பக்கக் கதவு ஓடும் தடத்துக்குள் திறக்கும், வலப்பக்கம்தான் ஒதுங்குமிடம். அரளிச் செடி வைத்த அகலமான மீடியன் என்றால், வலப்பக்கம் இறங்கி அதன் நடுவுக்கே போய், வண்டியைவிட்டு விலகி நின்றுகொள்வதே பெரும்பாலும் சரியான முடிவு.

மறுபுறம், சாலையைக் குறுக்கே கடந்து இடது ஓரத்துக்குப் போய்விடலாமே என்று தோன்றும். அதற்கும் கணக்கு பார்ப்போம். ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர்; இரண்டு தடங்கள் 7 மீட்டர். சாதாரண நடையில் அதைக் கடக்க ஆறு நொடியாகும். ஆறு நொடியில் 100 கிலோமீட்டர் வேகக் கார் 165 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது நீங்கள் காலடி எடுத்து வைக்கும் நேரத்தில் குறைந்தது முந்நூறு மீட்டருக்கு எதுவும் வராமல் இருந்தால்தான், குழந்தையையும் அடிபட்டவரையும் அழைத்துக்கொண்டு கடக்க முடியும். இரவில், எதிரே வரும் இரு விளக்குகளை மட்டும் வைத்து அந்தத் தூரத்தை மதிப்பிடுவது பழகிய ஓட்டுநருக்கே கடினம். பகலில், தெளிவான நீண்ட இடைவெளி கிடைத்தால், மீடியன் மிகக் குறுகியதாக இருந்தால், ஒரே மூச்சில் கடக்கலாம். மற்றபடி அங்கேயே இருந்து 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழையுங்கள். சுங்கச்சாவடியிலிருந்து ரோந்து வாகனம் வந்து தடத்தை அடைத்த பிறகு கடப்பது எளிது.

பாலத்தின்மேல் என்றால் இன்னும் ஓர் எச்சரிக்கை. செங்கல்பட்டுக்கு அப்பால் பாலாற்றின்மேல் இருப்பதுபோல், நான்கு வழிச்சாலைகள் ஆற்றைக் கடக்கும் இடங்களில் போவதற்கொரு பாலமும் வருவதற்கொரு பாலமுமாக இரண்டு தனிப் பாலங்கள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது வெறும் வெளி. இருட்டில் கைப்பிடிச் சுவரை மீடியன் சுவர் என்று எண்ணி, மறுபுறம் தரை இருக்கும் என்று நம்பித் தாண்டுபவர் நேரே ஆற்றுப்படுகையில் விழுவார். கீழே என்ன இருக்கிறது என்று கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்காமல் எந்தச் சுவரையும் தாண்டாதீர்கள். பாலத்தில் நின்றுவிட்டால், சுவரை ஒட்டியபடி பாலம் முடியும் இடம்வரை நடந்துவிடுவதே மேல்.

எங்கே நிற்பது?

இறங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் காரைச் சுற்றி நின்று பேசத் தொடங்குவதுதான் அடுத்த தவறு. நின்ற வண்டி இன்னொரு முறை இடிபட்டால் அது முன்னோக்கியும் ஓரத்தை நோக்கியும் தள்ளப்படும். ஆகவே காருக்கு முன்னாலும், இடித்த இரு வண்டிகளுக்கு இடையிலும், காரை ஒட்டிய ஓரத்திலும் யாரும் நிற்கக் கூடாது. சாலையோர இரும்புத் தடுப்பு இருந்தால், அதற்கு வெளிப்பக்கம், வாகனங்கள் வரும் திசையில், அதாவது உங்கள் காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். கார் தள்ளப்பட்டாலும் உங்களை விட்டு விலகித்தான் போகும். தடுப்பு இல்லாத இடத்தில், கட்டுப்பாடு இழந்து வரும் வண்டி நேரே ஓரத்துக்கே வரக்கூடும் என்பதால், முன்னா பின்னா என்பதைவிடச் சாலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதே முக்கியம்; கரைச்சரிவில் இறங்கி, வயல் வரப்புவரை போய்விடலாம். வண்டிகள் வரும் திசைக்கு முதுகு காட்டாதீர்கள்.

இடித்த மற்ற வண்டிக்காரர் கோபத்தோடு வருவார். யார் பிழை என்ற வாதம் நடப்பது நடக்கட்டும்; தார்ச்சாலையில் நடக்க வேண்டாம். ‘அண்ணே, முதல்ல ஓரமா வாங்க, அங்க பேசிக்கலாம்’ என்று சொல்லி நீங்கள் முன்னே நடந்தால் பெரும்பாலோர் பின்னே வருவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் சிக்கிய வாகனத்தின் ஓட்டுநர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க நியாயமான முயற்சிகளை எல்லாம் செய்யவேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆத்திரம் போன்ற, தன் கையில் இல்லாத காரணங்களை விலக்காகவும் ஏற்கிறது. எனவே அடி விழும் என்ற நிலையில் விலகிப்போய்க் காவல்துறையை அழைப்பது ஓடிப்போவதாகாது.

உதவிக்கு வரும் ஊர்க்காரர்களையும் ஓரத்துக்கே அழையுங்கள். வேடிக்கை பார்க்க நிறுத்தும் பைக்குகள் ஒரு தடத்தையே அடைத்துவிடும். உதவுபவர்களுக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைச்சலாகிவிடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2019-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதை அவர்களிடம் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை; பணத்தைத் தேடிக் காருக்குத் திரும்ப ஓடவேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இடத்தைச் சொல்வதற்கு, ‘மேல்மருவத்தூர் தாண்டி எங்கேயோ’ என்பதைவிட, சாலையோரக் கல் உதவும். மஞ்சள் தலை உடையது தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல். ஒவ்வொரு இருநூறு மீட்டருக்கும் இடையில் சிறு கற்களும் உண்டு. கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திசையைச் சொல்லாவிட்டால், மீடியனுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் வாகனம் அடுத்த திருப்பம்வரை போய்த் திரும்பவேண்டியிருக்கும்.

முக்கோணமும் மரக்கிளையும்

எச்சரிக்கை முக்கோணம் பயனுள்ளது. அதை வைக்கப் போவது ஆபத்தானது. பெரும்பாலான கார்களில் அது டிக்கியின் அடியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஊருக்குக் கொண்டுபோகும் மூட்டைகளுக்குக் கீழே இருக்கிறது. அதை எடுக்க, காருக்குப் பின்னால், வாகனங்களுக்கு முதுகு காட்டி, குனிந்து நிற்கவேண்டும். சாலையில் இதைவிட மோசமான இடம் இல்லை. பின்விளக்குகளையும் உங்கள் உடம்பே மறைத்துவிடும். ஆகவே இன்றைக்கே அதை எடுத்து, முன் இடப்பக்க இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். கூடவே ஒரு டார்ச்சும், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை ஒன்றும் வைக்கலாம். பெல்ட்டை அறுத்துக் கண்ணாடியை உடைக்கும் சிறு கருவி, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வைப்பதானால், சாலைக்கு வெளியே, மண் பகுதியிலேயே நடந்து போய், வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடி ஓரத்தில் வைத்துவிட்டு உடனே விலகுங்கள். பிரிட்டனில் சாதாரணச் சாலைகளுக்குக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் என்கிறார்கள்; அதிவேகச் சாலைகளில் வைக்கவே கூடாது என்றும் சொல்கிறார்கள். நம் நான்கு வழிச்சாலைகளுக்கு அந்த 45 மீட்டர் போதாது, வேகக் கணக்கின்படி நூறு மீட்டராவது வேண்டும். அவ்வளவு தூரம் ஓரத்திலேயே நடக்க இடமில்லையென்றால் வைக்காமல் விட்டுவிடுங்கள். கைப்பேசி விளக்கை ஆட்டுவதும் தடுப்புக்கு வெளியே நின்று செய்யவேண்டிய வேலை.

பேருந்தில் வருபவர்களுக்கு ஒரு சொல்: அவசர வழி பெரும்பாலும் படிக்கட்டுக்கு எதிர்ப்புறமான வலப்பக்கத்தில் இருக்கும். தீயோ, கவிழ்ந்த நிலையோ இல்லாமல் வெறுமனே நின்றுவிட்ட பேருந்தில் அந்த வழியாகக் குதித்தால், முந்திச் செல்லும் வாகனத்தின் முன் குதிப்பதாகும். இடப்பக்கப் படிக்கட்டில் வரிசையாக இறங்கி, பேருந்தின் முன்பக்கமாகச் சாலையைக் கடக்காமல், ஓரத்துக்கே போங்கள்.

முக்கோணம் இல்லாதவர்கள் நம் ஊர் வழக்கப்படி வேப்பங்கிளையை ஒடித்துப் போட்டு, கற்களை வரிசையாக வைப்பார்கள். பகலில் இலை தழை கண்ணில் படும். இரவில் கல் தெரியாது. மீட்பு வண்டி வந்து காரை ஏற்றியதும், அவசரத்தில் எல்லோரும் கிளம்பிவிட, அந்தக் கற்கள் தடத்திலேயே கிடக்கும். பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அது அடுத்த விபத்து. ரோந்து வாகனம் தடத்தை மறித்து நிற்கும்போதே, கிளம்புவதற்கு முன், நீங்கள் வைத்த கடைசிக் கல் வரை எடுத்து ஓரத்துக்கு அப்பால் போடச் சொல்லிவிட்டு, இடப்பக்கக் கதவு வழியாகவே மீட்பு வண்டியில் ஏறுங்கள்.